சின்ன நிகழ்ச்சிகளுக்கு எந்த மிக்சர் வாங்கலாம்?

கும்பகோணம் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன சவுண்ட் செட் வைத்திருக்கிறீர்கள். கோவில் கச்சேரி, பட்டிமன்றம், எப்போதாவது நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் லைட் மியூசிக், இதற்கெல்லாம் எட்டு சேனல் மிக்சர் (மைக்குகளின் சத்தத்தைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) போதுமா, பன்னிரண்டு எடுக்கலாமா, அனலாக்கா டிஜிட்டலா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கடைசி வரியில், இப்போது இருக்கும் மிக்சரில் பாடுகிறவர் "என் குரலே எனக்குக் கேட்கவில்லை" என்கிறார், மானிட்டரை (மேடையில் இருப்பவர்கள் கேட்க அவர்கள் முன்னால் வைக்கும் ஸ்பீக்கர்) கூட்டினால் ஊளையிடுகிறது என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. சேனலைக் கூட்டினால் அந்தப் பிரச்சினை போகாது. மேடையில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாக எத்தனை மானிட்டர் மிக்ஸ் கொடுக்க முடியும், ஊளை கிளம்பும் இடத்தை மட்டும் எப்படி வெட்ட முடியும், இந்த இரண்டையும் பார்த்துத்தான் சின்ன வேலைக்கு மிக்சர் எடுக்க வேண்டும். நான் பல வருடங்களாக சபா கச்சேரி, வரவேற்பு, பேச்சு நிகழ்ச்சி என்று இந்த அளவு வேலைகளையே செய்து வருகிறேன். பெரிய மைதான வேலை எனக்குப் பழக்கமில்லை, அதனால் சொல்லப்போவதை ஐந்நூறு பேருக்குள் உட்காரும் இடத்துக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் சேனல் எண்ணிக்கையும் நீங்கள் சொருகக்கூடிய மைக் எண்ணிக்கையும் ஒன்றல்ல. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ என்பதில் பத்து இருக்கிறது, ஆனால் மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் இன்புட், நாலுதான். மீதி ஆறும் மூன்று ஸ்டீரியோ ஜோடிகளாக வரும் லைன் இன்புட், கீபோர்டு, போன், லேப்டாப் போன்றவற்றுக்கானவை. அதில் ஃபேடரும் (மேலும் கீழும் தள்ளி அளவை மாற்றும் கட்டை) கிடையாது, எல்லாம் குமிழ்தான். கச்சேரி நடக்கும்போது வயலினைக் கொஞ்சம் தூக்க வேண்டும் என்றால் குமிழைத் தேடிப் பிடித்துத் திருக வேண்டும், இருட்டில் பக்கத்துக் குமிழ் கையில் பட்டுவிடும். அதே வரிசையில் எம்ஜி12எக்ஸ்யூ எடுத்தால் ஆறு மைக், ஃபேடரும் உண்டு. ஆலன் அண்ட் ஹீத் செட்12எஃப்எக்ஸிலும் (ZED-12FX) ஆறு மைக். எனவே கடையில் எந்த மிக்சரைக் காட்டினாலும் எக்ஸ்எல்ஆர் ஓட்டைகளை (மூன்று முள் மைக் கேபிள் சொருகும் இடம்) விரல் வைத்து எண்ணுங்கள், மாடல் பெயரில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு எத்தனை வேண்டும்? வாய்ப்பாட்டு ஒன்று, வயலின் ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று தொப்பிக்கு ஒன்று, கடமோ கஞ்சிராவோ வந்தால் ஒன்று, மொத்தம் ஐந்து மைக். எலக்ட்ரானிக் தம்புராவோ போனில் ஓடும் தம்புரா ஆப்போ லைன் இன்புட்டுக்குப் போய்விடும். அறிவிப்பாளருக்கு ஒரு கார்ட்லெஸ் மைக். ஆக ஆறு மைக் ப்ரீஆம்ப் இருந்தால் இது நிம்மதியாக முடியும், நாலு இருந்தால் மிருதங்கத்துக்கு ஒரே மைக் வைத்து ஒப்பேற்றுவீர்கள். உப பக்கவாத்தியம் இரண்டு வருகிற உற்சவ நாளில் ஆறும் இடிக்கும். அதனால் நாலு மைக் மிக்சரை உங்கள் வேலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி மானிட்டர். ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் குமிழ் வரிசைதான் மேடைக்குத் தனி மிக்ஸ் அனுப்பும் வழி. ஒரு ஆக்ஸ் இருந்தால் மேடைக்கு ஒரு மிக்ஸ், இரண்டு இருந்தால் இரண்டு, அவ்வளவுதான் கணக்கு. எம்ஜி10எக்ஸ்யூவில் ஒரே ஒரு ஆக்ஸ், அதையே உள்ளே இருக்கும் எஃபெக்டும் பங்கு போட்டுக்கொள்கிறது. எம்ஜி12எக்ஸ்யூவில் இரண்டு, அதிலும் ஒன்று எஃபெக்டோடு சேர்ந்தது. பாடகருக்குத் தம்புராவும் தன் குரலும் வேண்டும், வயலினும் வேண்டும், மிருதங்கம் பக்கத்திலேயே இருப்பதால் மானிட்டரில் அது தேவையே இல்லை. மிருதங்க வித்வானுக்கோ பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும், தன் வாத்தியத்தின் தொப்பி கொஞ்சம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மிக்ஸில் அடைத்தால் பாடகர் முன்னால் இருக்கும் மானிட்டரில் மிருதங்கம் கொட்டும், அதைத் தாண்டித் தன் குரல் கேட்க வேண்டும் என்று அவர் கூட்டச் சொல்வார், நீங்கள் கூட்டுவீர்கள், ஊளையிடும். உங்கள் மேடையில் நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு மருந்து குறைந்தது இரண்டு தனி ஆக்ஸ், இரண்டும் ப்ரீ-ஃபேடராக இருக்க வேண்டும். ப்ரீ என்றால் ஹாலுக்காக நீங்கள் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மேடையில் கேட்பது மாறாது. போஸ்ட்டாக இருந்தால் ஹாலில் குரலைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் மானிட்டரிலும் கூடிவிடும். சில மிக்சரில் இதற்கு ஒரு சின்ன பட்டன் இருக்கும், சிலவற்றில் தொழிற்சாலையிலேயே போஸ்ட் என்று முடிவு செய்திருப்பார்கள். வாங்கும் முன் மேனுவலை நெட்டில் இறக்கி இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பி எடுக்காதீர்கள்.

அப்புறம் ஈக்யூ, அதாவது சத்தத்தின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி. எம்ஜி வரிசையில் மோனோ சேனலுக்கு மூன்று குமிழ்: மேலே 10 கிலோஹெர்ட்ஸ், நடுவில் 2.5 கிலோஹெர்ட்ஸ், கீழே 100 ஹெர்ட்ஸ். இந்த இடங்கள் மாறாது. கல் மண்டபத்தில் குரல் மைக் 400 ஹெர்ட்ஸ் பக்கம் உறுமினால் இந்த மூன்றில் எதுவும் அதைச் சரியாகத் தொடாது, கீழ்க் குமிழைக் குறைத்தால் குரலின் உடம்பே போய்விடும், ஊளை மட்டும் போகாது. நடுக் குமிழின் இடத்தை நகர்த்திக்கொள்ளும் வசதி, ஸ்வீப் மிட் என்பார்கள், செட்12எஃப்எக்ஸில் இருக்கிறது. அனலாக் என்று முடிவு செய்தால் அந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆனால் உண்மையான வேலை நடக்க வேண்டியது சேனலில் அல்ல, மானிட்டருக்குப் போகும் வெளியீட்டில். அங்கே 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ (சத்தத்தை 31 துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே ஏற்றி இறக்குவது) இருந்தால் சவுண்ட் செக்கில் மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், எந்தப் பட்டை ஊளையிடுகிறதோ அதை மட்டும் மூன்று, நாலு டெசிபல் இறக்கி, மறுபடி கூட்டி, அடுத்ததைப் பிடித்து இறக்கலாம். மூன்று நாலு பட்டைக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு ஸ்பீக்கரையும் மைக்கையும் நகர்த்த வேண்டும். இந்த அளவு அனலாக் மிக்சர்களில் வெளியீட்டு ஈக்யூ பெரும்பாலும் இருக்காது, சிலவற்றில் ஏழு அல்லது ஒன்பது பட்டை இருக்கும், அது மிக அகலமான கத்தி. அப்போது ஒவ்வொரு மானிட்டருக்கும் வெளியே தனியாக ஈக்யூ வாங்கி, ரேக்கில் பூட்டி, கேபிள் போட்டு, வண்டியில் ஏற்ற வேண்டும்.

டிஜிட்டலின் நியாயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 வைஃபையில் டேப்லெட் கொண்டு ஓட்டும் ஒரு சின்னப் பெட்டி, அதில் 16 மைக் ப்ரீஆம்ப், 6 ஆக்ஸ். ஒவ்வொரு சேனலுக்கும் நாலு பட்டை, இடமும் அகலமும் மாற்றக்கூடிய ஈக்யூ. ஒவ்வொரு ஆக்ஸுக்கும் தனி ஈக்யூ, வேண்டுமானால் அதை 31 பட்டை கிராஃபிக்காக மாற்றிக்கொள்ளலாம். ஊளை எந்த இடத்தில் எழுகிறது என்பதை ஈக்யூ படத்தின் மேலேயே கோடாகக் காட்டும், புதிதாகக் காது பழக்குகிறவருக்கு இது பெரிய உதவி. சவுண்ட்கிராஃப்ட் யூஐ16 இன்னொன்று: 12 மைக், 4 ஆக்ஸ், தனி ஆப் வேண்டாம், டேப்லெட்டின் பிரவுசரிலேயே திறக்கும். 2023-இல் வந்த ஆலன் அண்ட் ஹீத் சிக்யூ வரிசையில் 18டி மாடலில் பெட்டியிலேயே தொடுதிரை இருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி மேலே. நீங்கள் பட்ஜெட் எழுதவில்லை, விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் தொகையைப் பற்றி நான் பேசவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள், அனலாக் மிக்சரின் விலையை அப்படியே டிஜிட்டலோடு ஒப்பிடாமல், அனலாக்கோடு இரண்டு ஈக்யூவும் ரேக்கும் கேபிளும் சேர்த்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் நிறையச் சுருங்கிவிடும்.

பெரிங்கர் எக்ஸ்ஆர் வரிசையிலும் அதே எண் குழப்பம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஆர்12-இல் மைக் ப்ரீஆம்ப் நாலே நாலு, எக்ஸ்ஆர்16-இல் எட்டு, எக்ஸ்ஆர்18-இல் 16. விலை குறைவு என்று 12 எடுத்தால் டிஜிட்டல் வசதி எல்லாம் இருந்தும் மைக் போட இடமிருக்காது.

பட்டிமன்றத்துக்கு வேறு ஒரு கணக்கு. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளை வராமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். நடுவருக்கும் பேச்சாளர்களுக்கும் சேர்த்து எட்டு மைக்கைத் திறந்தே வைத்தால் ஒரு மைக் மட்டும் திறந்திருப்பதைவிட 9 டெசிபல் இழப்பு. கைதட்டலும் மின்விசிறிச் சத்தமும் எட்டு மைக் வழியாக உள்ளே வரும். ஒரு ஆள் உட்கார்ந்து யார் பேசுகிறாரோ அவர் ஃபேடரை ஏற்றி மற்றதை இறக்கினால் சரியாகும், ஆனால் பட்டிமன்றத்தில் குறுக்கே பேசுவதுதான் ருசி, நடுவர் ஒரு வரி எடுத்துவிடும்போது முதல் வார்த்தை மைக்கில் விழாமல் போனால் அந்தச் சிரிப்பே போச்சு. எக்ஸ்ஆர்18-இல் ஆட்டோமிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பேசுகிற மைக்குக்கு அளவைக் கொடுத்து மற்றவற்றைத் தானே இறக்கும், மொத்தக் கூட்டுத்தொகை ஒரு மைக் திறந்திருப்பது போலவே நிற்கும். டான் டுகன் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் கொண்டுவந்த முறை இது. பேச்சுக்கு இதை மனமார சிபாரிசு செய்கிறேன். கச்சேரியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மிருதங்கம் தனி ஆவர்த்தனத்தில் ஏறும்போது மற்ற மைக்குகளை அது இறக்கத் தொடங்கும்.

ஃபீட்பேக்கை, அதாவது ஊளையை, தானே பிடித்து வெட்டும் வசதியைப் பற்றியும் எச்சரிக்கை செய்ய வேண்டும். யூஐ வரிசையில் டிபிஎக்ஸ் ஏஎஃப்எஸ்2 என்று வருகிறது, மற்ற நிறுவனங்களும் வேறு வேறு பெயரில் தருகிறார்கள். நீண்டு நிற்கும் ஒற்றை ஸ்வரத்தைக் கண்டால் இது ஊளை என்று நினைத்து அந்த இடத்தில் குழி தோண்டுவதுதான் இதன் வேலை. நம் சங்கீதத்தில் நீண்டு நிற்கும் ஸ்வரத்துக்குப் பஞ்சமில்லை. புல்லாங்குழலில் ஒரு கார்வை, பாடகர் மேல் ஷட்ஜத்தில் நிற்பது, இரண்டும் அந்தக் கருவிக்கு ஊளை மாதிரியே தெரியலாம். அதனால் சவுண்ட் செக்கில் அதை ஓடவிட்டு, பிடித்த இடங்களை நிலையான வெட்டாகப் பூட்டிவிட்டு, கச்சேரி தொடங்கும் முன் தானாகத் தேடும் பகுதியை அணைத்துவிடுங்கள். பேச்சு நிகழ்ச்சிக்கு முழுக்கப் போட்டு வைக்கலாம், தொந்தரவில்லை.

வீணை, வயலினுக்கு ஒட்டும் பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வையே எடுக்கும் பீசோ வில்லை) வந்தால் இன்னொரு விஷயம் இடிக்கும். பீசோ பிக்கப்பை ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக சாதாரண லைன் இன்புட்டில் சொருகினால் சத்தம் தகரம் போல மெலிந்து வருவதைக் கேட்டிருப்பீர்கள். பிக்கப் கெட்டதல்ல, இன்புட் பொருந்தவில்லை. 10 நானோஃபாரட் கொள்ளளவு உள்ள பீசோவை 10 கிலோஓம் இன்புட்டில் போட்டால் சுமார் 1600 ஹெர்ட்சுக்குக் கீழே எல்லாம் தேய ஆரம்பித்துவிடும். அதையே 1 மெகாஓம் இன்புட்டில் போட்டால் அந்த எல்லை 16 ஹெர்ட்சுக்குப் போய்விடும், வீணையின் குடம் முழுசாகக் கேட்கும். எக்ஸ்ஆர்18-லும் யூஐ16-லும் முதல் இரண்டு சேனலில் இதற்கான ஹை-இசட் இன்புட் உண்டு. இல்லாத மிக்சருக்கு ஒரு ஆக்டிவ் டிஐ பெட்டி (வாத்திய வயரை மைக் இன்புட்டுக்குப் பொருத்திக் கொடுப்பது) வாங்கினால் போதும், இந்த ஒன்றுக்காக மிக்சரை மாற்ற வேண்டாம். ஆக்டிவ் டிஐக்கும் கண்டென்சர் மைக்குக்கும் மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும். சின்ன அனலாக் மிக்சர்களில் ஒரே சுவிட்சில் எல்லா மைக் இன்புட்டுக்கும் அது போகும். சாதாரண டைனமிக் மைக்குக்கு அதனால் ஆபத்தில்லை, கேபிள் ஒழுங்காக இருந்தால். ஆனால் ஃபாண்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ சொருகினாலோ ஸ்பீக்கரில் வெடி போல அடிக்கும், சேனலை மியூட் செய்துவிட்டுத் தொடுங்கள்.

லைட் மியூசிக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கீபோர்டு, ஆக்டோபேட் இரண்டும் ஸ்டீரியோ லைனில் போகும், பாடுகிறவர் இருவருக்கோ மூவருக்கோ மைக், கிட்டாருக்கு டிஐ. மேடையிலிருந்து மிக்சர் தூரமாக இருந்தால் கீபோர்டுக்கும் டிஐ போட்டு எக்ஸ்எல்ஆரில் கொண்டுவாருங்கள், சாதாரண இரண்டு முனை ஜாக் வயரை நீளமாக இழுத்தால் சீரியல் லைட்டின் இரைச்சல் எல்லாம் அதில் ஏறிவிடும். எக்ஸ்ஆர்18 போன்ற பெட்டியை மேடையிலேயே வைத்துவிட்டால் இந்த நீளப் பிரச்சினையே பாதி போய்விடும், பல வயர் ஒன்றாக வரும் மல்ட்டிகோர் கேபிளும் மிச்சம்.

யூட்யூபில் நேரலை போடச் சொல்லி இப்போது கோவில் கமிட்டியே கேட்கிறது. மெயின் அவுட்டிலிருந்து ஒரு வயரைப் பிடித்து கேமராக்காரருக்குக் கொடுத்தால் பாட்டு மட்டும் கத்தும், மிருதங்கம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். காரணம் எளிது. சின்ன ஹாலில் மிருதங்கம் மைக் இல்லாமலே பாதி கேட்டுவிடும், அதனால் நீங்கள் அதன் ஃபேடரைக் கீழேதான் வைத்திருப்பீர்கள். ஹாலில் இருக்கிறவருக்கு அது சரி, வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்கிறவருக்கு வாத்தியத்தின் நேர்ச் சத்தம் கிடையாது. நேரலைக்குத் தனி ஆக்ஸ் ஒதுக்கி, அதில் மிருதங்கத்தையும் தம்புராவையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். மானிட்டருக்கு இரண்டு, நேரலைக்கு ஒன்று, ஆக மூன்று ஆக்ஸ் இப்போதே கணக்கில் வந்துவிட்டது. சின்ன அனலாக் மிக்சர்கள் பின்தங்குவது இந்த இடத்தில்தான். யூஎஸ்பி பதிவும் அப்படியே, எம்ஜி வரிசையில் போவது இரண்டு டிராக், எக்ஸ்ஆர்18-இல் 18 டிராக்கையும் தனித்தனியாக லேப்டாப்பில் பிடித்து மறுநாள் உட்கார்ந்து மிக்ஸ் செய்யலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு டிஜிட்டலின் தொல்லைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வைஃபைதான் முதல் தொல்லை. எக்ஸ்ஆர் பெட்டிக்குள் இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சாயங்காலம் காலியான மண்டபத்தில் அருமையாக இணையும், ஏழு மணிக்கு நானூறு போன் உள்ளே வந்த பிறகு டேப்லெட் சுற்றிக்கொண்டே நிற்கும். விலை குறைந்த கார்ட்லெஸ் மைக் சிலவும் அதே 2.4-இல்தான் ஓடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு ரவுட்டரை வாங்கி, மிக்சரோடு லேன் கேபிளில் இணைத்து, தலைகளுக்கு மேலே உயரமாகக் கட்டுங்கள். ரவுட்டரின் விலையை மிக்சர் விலையோடு சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தாலும் சத்தம் நிற்காது, மிக்சர் கடைசியாக இருந்த நிலையிலேயே ஓடும், ஆனால் அந்த நேரத்தில் ஊளை கிளம்பினால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, அதனால் மானிட்டர் ஆம்பிளிஃபயரின் வால்யூம் யாருக்காவது எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது கரண்ட். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் அனலாக் மிக்சர் அணைந்து உடனே எரியும். டிஜிட்டல் பெட்டி முதலிலிருந்து கிளம்பி, டேப்லெட் மறுபடி இணைந்து முடிவதற்குள் பாடகர் அனுபல்லவிக்குப் போயிருப்பார். மிக்சருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து கம்ப்யூட்டருக்கு வைக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போதும், இரண்டும் சேர்ந்தாலும் மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும். அனலாக் பக்கத்தில் இதற்குச் சமமான தொல்லை அடாப்டர். சின்ன மிக்சர்கள் பலவற்றில் தனி வகை மூன்று முள் அடாப்டர் வருகிறது, அது தொலைந்தாலோ புகைந்தாலோ பக்கத்துக் கடையில் கிடைக்காது. வாங்கும்போதே உபரியாக ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு. ப்ரீஆம்ப் தரம் அதில் ஒன்று. மைடாஸ் ப்ரீஆம்ப், டி-ப்ரீ என்று பெயர் சொல்லி விற்கிறார்கள், ஸ்டுடியோவில் அமைதியாக உட்கார்ந்து கேட்டால் வித்தியாசம் தெரியலாம். வெளியே பஸ் போகிற கோவில் மண்டபத்தில், மின்விசிறிகள் ஓட, எனக்கு அது தெரிந்ததில்லை. இது என் காது சொல்வது, அளந்து சொல்வதல்ல, வேறு மாதிரி சொல்கிற நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். எவ்வளவு வருடம் உழைக்கும் என்பதும் அப்படித்தான், தூசியும் வியர்வையும் பட்டால் அனலாக்கில் ஃபேடர் கரகரக்கும், அதை உள்ளூர் மெக்கானிக் சரிசெய்துவிடுவார். டிஜிட்டல் பலகை போனால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். வாங்கும் பிராண்டுக்குத் திருச்சியிலோ சென்னையிலோ சர்வீஸ் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

ப்ளூடூத் இருந்தால் இடைவேளைப் பாட்டுக்கு வசதி, அதற்காக ஒரு மிக்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எஃபெக்ட் எத்தனை என்பதும் விளம்பர எண், ஒரு நல்ல ரிவெர்ப் போதும், கச்சேரிக்கு அதையும் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வேகமான கல்பனாஸ்வரம் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கலங்கிவிடும். பேச்சு ஆரம்பித்ததும் எஃபெக்டை ஒரே தட்டில் மியூட் செய்ய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள், அது முக்கியம். பவர்டு மிக்சர், அதாவது உள்ளேயே ஆம்பிளிஃபயர் வைத்தது, உங்களிடம் ஆம்பிளிஃபயர் இருக்கும்போது வேண்டாம், ஒன்று கெட்டால் இரண்டும் போகும். தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு ஓடும் 100 வோல்ட் லைன் ஆம்பிளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டில் (வெளிச் சாதனம் சொருகும் இடம், மிக்சரில் சொன்ன ஆக்ஸ் அல்ல) மிக்சரைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு கவனம்: அந்த இன்புட் பெரும்பாலும் வீட்டு சாதன அளவை எதிர்பார்க்கும், மிக்சரின் தொழில்முறை அளவு அதைவிட ஏறக்குறைய 12 டெசிபல் அதிகம். மிக்சரில் மீட்டர் பச்சையில் இருக்கும்போதே குழாயில் கரகரப்பு வந்தால் காரணம் இதுதான், மெயினைக் குறைக்காமல் ஆம்பிளிஃபயரின் ஆக்ஸ் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் கரகரத்தால் மிக்சரின் மெயினையும் இறக்க வேண்டியதுதான்.

பழைய மிக்சர் வாங்குவதாக இருந்தால் ஹெட்ஃபோன் கொண்டுபோங்கள். எதையும் சொருகாமல் ஒவ்வொரு சேனலின் கெயினையும் (ப்ரீஆம்பைக் கூட்டும் குமிழ்) முழுக்கத் திறந்து, இரைச்சல் எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று கேளுங்கள், ஒன்றில் மட்டும் கூடுதலாகவோ விட்டுவிட்டோ வந்தால் அந்தச் சேனல் போகப்போகிறது. பிறகு ஒரு மைக்கைச் சொருகி, எக்ஸ்எல்ஆரை லேசாக ஆட்டிப் பாருங்கள். கண்டென்சர் மைக் ஒன்றையும் எடுத்துப்போய் ஃபாண்டம் எல்லா இன்புட்டிலும் வருகிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் என்றால் இவற்றோடு, கடையிலேயே டேப்லெட்டில் இணைத்து எல்லா வெளியீட்டையும் ஒரு முறை ஓட்டிக் கேளுங்கள்.

இதில் எதையும் வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். பாடகரின் மைக் 30 சென்டிமீட்டரில் இருந்தால் 15-க்குக் கொண்டுவாருங்கள், அதிலேயே 6 டெசிபல் கிடைக்கும். மானிட்டரை மைக்கின் காது கேட்காத பக்கத்தில் வையுங்கள். எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு அது நேர் பின்பக்கம். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், சுமார் 125 டிகிரியில்தான் கேட்காது, அதனால் மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ள வேண்டும். குரல் சேனலில் 80 ஹெர்ட்ஸ் கட் பட்டனை அழுத்துங்கள், தொடையில் தாளம் போடும் அதிர்வும் மேடைப் பலகை வழியாக வரும் சத்தமும் அடங்கும். கம்பிரசர் (உரத்த சத்தத்தை அமுக்கும் குமிழ்) திருகியிருந்தால் முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள், அதுவும் ஊளைக்கு வழி செய்யும். இவற்றிலேயே உங்கள் பாடகர் திருப்தியாகிவிட்டால் மிக்சர் வாங்குவதை நிதானமாகச் செய்யலாம்.

அப்படியும் தீரவில்லை என்றால், நீங்கள் சொன்ன வேலைகளுக்கு நான் எக்ஸ்ஆர்18 அல்லது யூஐ16, கூடவே ரவுட்டர், யூபிஎஸ் என்று போவேன். நீங்கள் இல்லாத நாளில் பையன்கள் ஓட்டுவார்கள், டேப்லெட் அவர்களுக்குப் பழக்கமில்லை என்றால் செட்12எஃப்எக்ஸ் எடுத்து, மானிட்டருக்கு ஒரு இரட்டை 31 பட்டை ஈக்யூ சேருங்கள், அது கண்ணால் பார்த்து ஓட்டக்கூடியது, நேரலைக்குத் தனி ஆக்ஸ் மிஞ்சுகிறதா என்று மட்டும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் மிக்சரை விற்க வேண்டாம், வண்டியில் கிடக்கட்டும். எந்த மானிட்டர் ஸ்பீக்கர், எந்த ஆம்பிளிஃபயர், பாடகருக்கு எந்த மைக் வைக்கிறீர்கள் என்று எழுதினால் மானிட்டரை எந்தக் கோணத்தில் வைக்கலாம், எந்தப் பட்டைகளை முதலில் பார்க்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.